எண்ணெய்க் கணக்கில் ஒரு ராஜா

தாத்தா உபதேசியாராக இருந்தவர். மார்கழிக் குளிரில், ராத்திரி ஜெபத்துக்கு அரிக்கேன் விளக்கைச் சுற்றி எங்களை உட்கார வைத்து, மத்தேயு முதல் அதிகாரத்தை ஆளுக்குக் கொஞ்சமாக வாசிக்கச் சொல்வார். கதை இல்லாத அதிகாரம் அது. இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று போய்க்கொண்டே இருக்கும். என் முறை வரும்போது எப்படியோ பாபிலோன் சிறையிருப்பில் வந்து நிற்கும். எகோனியா, சலாத்தியேல், சொரொபாபேல். மூன்றிலும் நாக்குத் தட்டும். ஒரு வருஷம் அந்த வரிகளைத் தாவிவிட்டு மேலே போய்விட்டேன். தாத்தா அதட்டவில்லை. “மூணு பேர விட்டுட்டியம்மா. அவங்க இல்லாம ஆண்டவர் எந்த வழியா வருவார்?” என்று கேட்டார்.

பிறகு நான் சரித்திர ஆசிரியையானேன். முப்பது வருஷத்துக்குமேல் அக்பரையும் அசோகரையும் நடத்தி ஓய்வும் பெற்றுவிட்டேன். தாவீதின் குலத்துக்குக் கடவுள் கொடுத்ததாக வேதம் சொல்லும் வாக்குறுதியின் கதையை ஒரு சரித்திரக்காரியாக எந்தப் பக்கமிருந்து தொடங்கினாலும், கடைசியில் அந்த எகோனியாவிடம்தான் வந்து சேர்கிறேன்.

வாக்குறுதி பிறந்த இடம் இரண்டு சாமுவேல் ஏழாம் அதிகாரம். தாவீது எருசலேமைப் பிடித்து, கேதுருமர அரண்மனையில் குடியேறிவிட்டான். உடன்படிக்கைப் பெட்டி மட்டும் இன்னும் கூடாரத்தில் இருக்கிறது. அது அவனுக்கு உறுத்துகிறது. கடவுளுக்கு ஒரு வீடு கட்ட வேண்டும் என்கிறான். நாத்தான் தீர்க்கதரிசி முதலில் சரி என்று சொல்லிவிட்டு, அன்று ராத்திரி வேறொரு செய்தி பெற்று மறுபடி வருகிறான். நீ எனக்கு வீடு கட்ட வேண்டாம், நான் உனக்கு வீடு கட்டுவேன் என்பது அந்தச் செய்தியின் சாரம். எபிரேயத்தில் ‘பயித்’ என்ற ஒரே சொல் கோயிலையும் குறிக்கும், குலத்தையும் குறிக்கும். தமிழருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ‘பெரிய வீட்டுப் பிள்ளைகள்’ என்று ஊரில் சொல்லும்போது யாரும் கட்டடத்தை நினைப்பதில்லை. உன் வீடும் உன் சிங்காசனமும் என்றென்றைக்கும் நிற்கும், உன் மகன் தப்பு செய்தால் மனுஷர் அடிக்கும் பிரம்பால் அடிப்பேன், ஆனால் உனக்கு முன்னிருந்த ராஜா சவுலைத் தள்ளியதுபோலத் தள்ளமாட்டேன். வாக்குறுதி இவ்வளவுதான்.

‘உடன்படிக்கை’ என்ற சொல் அந்த அதிகாரத்தில் எங்குமே இல்லை. தாவீதின் கடைசி வார்த்தைகளிலும் 89ஆம் சங்கீதத்திலும்தான் அந்தப் பெயர் இதற்கு ஒட்டுகிறது. இன்னொன்றும் உண்டு. இதே வாக்குறுதி 132ஆம் சங்கீதத்திலும் தாவீதின் மகன் சாலொமோனின் ஜெபத்திலும் நிபந்தனையோடு வருகிறது: உன் பிள்ளைகள் என் வழியில் நடந்தால். நிபந்தனை இல்லாத வாக்கும் நிபந்தனை உள்ள வாக்கும் ஒரே புத்தகத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எழுதியவர்கள் ஒன்றை அழித்து மற்றதை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அவர்களுக்கும் இது சண்டையாகவே இருந்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

1970இல் மோஷே வைன்பெல்டு என்ற எபிரேய அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். பண்டை மேற்காசியாவில் பேரரசன் சிற்றரசனைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஒரு வகை. விசுவாசமாக உழைத்த ஊழியனுக்கு நிலமோ பதவியோ தலைமுறை தலைமுறையாக எழுதிக்கொடுக்கும் மானியம் இன்னொரு வகை. தாவீதுக்குக் கிடைத்தது இரண்டாவது வகை என்பது அவர் வாதம். படித்ததும் எனக்குச் சோழர் காலத்து மானியக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும்தான் நினைவுக்கு வந்தன. சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று பொருள்படும் ‘சந்திராதித்தவல்’ என்ற சொல்லை எத்தனை பாடத்தில் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! 89ஆம் சங்கீதமும் தாவீதின் சிங்காசனத்துக்குச் சூரியனையும் சந்திரனையும்தான் சாட்சி வைக்கிறது. சாசனம் எழுதுகிறவர்களுக்கு எந்த நாட்டிலும் வானத்தைவிட்டால் வேறு சாட்சி கிடையாதுபோல.

வாக்குறுதி சும்மா பேச்சாகப் போய்விடவில்லை. வடக்கே பிரிந்துபோன இஸ்ரவேல் ராஜ்யம் ஏறத்தாழ 200 வருஷத்தில் 19 ராஜாக்களைக் கண்டது. அவர்கள் ஒன்பது வெவ்வேறு குடும்பத்தார். ஒருவனைக் கொன்று இன்னொருவன் ஏறுவதே அங்கே வழக்கமாயிற்று. கி.மு. 722இல் அசீரியரிடம் அந்த ராஜ்யம் முடிந்தது. தெற்கே சின்ன யூதாவில் தாவீதின் ஒரே குலம் 400 வருஷத்துக்குமேல் ஆண்டது. அந்தக் குலத்தை ராஜாக்களின் புத்தகம் திரும்பத் திரும்ப ‘விளக்கு’ என்கிறது. தாவீதுக்கு எருசலேமில் ஒரு விளக்கு எரிய வேண்டும் என்பதற்காகக் கடவுள் பொறுத்தார் என்று சொல்கிறது. குலவிளக்கு என்று நாம் சொல்கிறோமே, அதே பொருள்.

ஒருமுறை அந்த விளக்கு அணைந்தே போயிருக்கும். யூதா ராஜாவான மகன் அகசியா செத்ததும் ராஜமாதா அத்தாலியாள் ராஜவம்சத்தார் எல்லாரையும் வெட்டிப்போட்டுத் தானே ஆளத் தொடங்கினாள். அகசியாவின் சகோதரி யோசேபாள், கைக்குழந்தை யோவாசையும் தாதியையும் மட்டும் களவாக எடுத்துப் படுக்கையறையில் ஒளித்தாள். பிள்ளை ஆறு வருஷம் ஆலயத்துக்குள் மறைந்து வளர்ந்தது. ஏழாம் வருஷம் ஆசாரியன் யோய்தா அவனை வெளியே கொண்டுவந்து எண்ணெய் பூசி முடிசூட்டினான். என்றென்றைக்கும் என்று சொல்லப்பட்ட ஒன்று, ஆறு வருஷம் ஒரு குழந்தையின் மூச்சில் இருந்திருக்கிறது. அந்தத் தாதியின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

தாவீது என்று ஒருவன் இருந்தானா என்றே அறிஞர்கள் கேட்ட காலம் உண்டு. 1993 ஜூலையில் இஸ்ரேலின் வடகோடியில் தேல் தாண் அகழ்வில், ஆபிரகாம் பிரானின் குழுவில் நில அளவையாளராக இருந்த கீலா குக், பழைய சுவர் ஒன்றில் பதித்திருந்த கருங்கல்லில் எழுத்து இருப்பதைக் கவனித்தார். அடுத்த வருஷம் மேலும் இரண்டு துண்டுகள் கிடைத்தன. கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டு அரமேயக் கல்வெட்டு அது. தமஸ்குவின் ராஜா ஒருவன், பெரும்பாலும் ஆசகேல், தான் ஜெயித்தவர்களைப் பட்டியலிட்டுப் பெருமை பேசுகிறான். அதில் ‘தாவீதின் வீடு’ என்று இருக்கிறது. எருசலேமுக்குக் குழுவாகப் போயிருந்தபோது, ஓய்வுக்கு விட்டிருந்த மத்தியானத்தில் நான் மட்டும் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போய் அந்தக் கல்லின் முன்னால் நின்றேன். எபிரேய எழுத்தில் மாற்றினால் ஆறே எழுத்து. பக்தர் யாரும் வெட்டியதில்லை, பகைவன் வெட்டியது. அதனால்தான் சரித்திரக்காரருக்கு அது பொன். அந்தப் பகைவனுக்கும் யூதா என்பது ஒரு வீடாகவே தெரிந்திருக்கிறது.

இனி எகோனியா. ராஜாக்களின் புத்தகத்தில் அவன் பெயர் யோயாக்கீன். தகப்பன் யோயாக்கீம். கடைசி எழுத்துதான் வேறு, தமிழில் வாசிக்கிறவர்கள் பாதிப்பேர் இருவரையும் ஒருவராக்கிவிடுவார்கள். எரேமியா தீர்க்கதரிசி அவனைக் கோனியா என்று சுருக்கிக் கூப்பிடுகிறான். தகப்பன் பாபிலோனுக்கு எதிராகக் கலகம் செய்துவிட்டுச் செத்துப்போனான். பலன் 18 வயதுப் பையன் தலையில் விழுந்தது. மூன்று மாதம் ஆண்டான். கி.மு. 597 மார்ச் மாதம் எருசலேம் பிடிபட்டது. பாபிலோன் நாளாகமக் களிமண் பலகை ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டொனால்டு வைஸ்மன் 1956இல் அதை வெளியிட்டார். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் யூதாவின் நகரத்தை ஆதார் மாதம் இரண்டாம் தேதி பிடித்தான், ராஜாவைச் சிறைபிடித்தான், தனக்குப் பிடித்த ஒருவனை ராஜாவாக வைத்தான் என்று அது உணர்ச்சியே இல்லாமல் குறித்திருக்கிறது. பையன் தாயோடும் மனைவிகளோடும் பிரதானிகளோடும் சிறைபோனான்.

எரேமியாவின் வாக்கு அவன்மேல் இடிபோல விழுந்தது. இவன் என் வலதுகை முத்திரை மோதிரமாக இருந்தாலும் கழற்றி எறிவேன், இவனைச் சந்தானமில்லாதவன் என்று எழுதுங்கள், இவன் வித்தில் ஒருவனும் தாவீதின் சிங்காசனத்தில் உட்காரமாட்டான். அவனுக்குப் பதிலாக வந்த சித்தப்பன் சிதேக்கியாவின் முடிவு இன்னும் கொடியது. எருசலேம் இடிந்த வருஷத்தில் அவன் கண்முன்னே பிள்ளைகளைக் கொன்று, பிறகு அவன் கண்களைப் பிடுங்கினார்கள். அவன் கடைசியாகப் பார்த்தது அது.

89ஆம் சங்கீதத்தை இந்த இடத்தில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். 37 வசனம்வரை வாக்குறுதியைக் கொண்டாடிக்கொண்டு போகும் பாட்டு, 38ஆம் வசனத்தில் சட்டென்று கடவுளை நோக்கித் திரும்பிவிடுகிறது. உடன்படிக்கையைத் தள்ளிவிட்டீர், கிரீடத்தைத் தரையில் போட்டீர், எவ்வளவு காலத்துக்கு என்று முறையிடுகிறது. பதில் வருவதில்லை. ஒரு சமூகம் தன் கடவுள் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்று அவர் முகத்துக்கே சொல்லி, அதையே கோயில் பாட்டாகவும் வைத்துக்கொண்டது. எங்கள் சபையில் இந்தச் சங்கீதத்தின் முதல் பாதி மட்டுமே வாசிக்கக் கேட்டிருக்கிறேன். பிற்பாதியையும் வாசிக்க வேண்டும்.

சிறைபோன பையன் என்ன ஆனான்? 1899 முதல் 1917 வரை ஜெர்மானியரான ராபர்ட் கோல்டவே பாபிலோனைத் தோண்டினார். அரண்மனையின் ஒரு மூலையில் வளைவுக் கூரை போட்ட அறைகள் வரிசையாகக் கிடைத்தன. தொங்கும் தோட்டத்தின் அடித்தளம் இதுதான் என்று அவர் நினைத்தார். அங்கே கிடந்த களிமண் பலகைகள் பெர்லினுக்குப் போய்ப் பல வருஷம் பெட்டியில் தூங்கின. எர்ன்ஸ்டு வைட்னர் அவற்றைப் படித்து 1939இல் பாரிஸில் வெளியான ஒரு தொகுதியில் சில பலகைகளை அச்சிட்டார். ஐரோப்பா யுத்தத்துக்குள் விழுந்துகொண்டிருந்த வருஷம்.

அவை அரண்மனைப் பண்டகசாலைக் கணக்கு. யாருக்கு எவ்வளவு எண்ணெய், எவ்வளவு தானியம் அளந்து கொடுத்தோம் என்ற பதிவு. எகிப்தியர், தீரு நகரத்தார், அஸ்கலோன் அரசனின் பிள்ளைகள், பெர்சியர், லீதியர் என்று நேபுகாத்நேச்சார் வாரிக்கொண்டு வந்தவர்களெல்லாம் அதில் வரிசையாக நிற்கிறார்கள். நடுவே ‘யாஊகினு, யாகூது நாட்டு ராஜா.’ நம் யோயாக்கீன்தான். அவன் பெயர் உள்ள பலகைகளில் ஒன்றில் கி.மு. 592க்குரிய தேதி இருக்கிறது. பாபிலோன் நாட்டில் எண்ணெய் என்றாலே எள்ளெண்ணெய். அதாவது நம் நல்லெண்ணெய். ராஜாவுக்கு 10 சிலா. ஒரு சிலா என்பது கிட்டத்தட்ட ஒரு லிட்டர். அடுத்த வரியில், யூதா ராஜாவின் பிள்ளைகள் ஐந்து பேருக்கு 2½ சிலா. ஆளுக்கு அரை. அதே கணக்கில் கிரேக்கத் தச்சர்கள் ஏழு பேர் வருகிறார்கள். அவர்களுக்கும் ஆளுக்கு அரை சிலாதான்.

இந்த வரிகளின் மொழிபெயர்ப்பை முதலில் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. சாமுவேல் தீர்க்கதரிசி பெத்லகேமில் ஈசாயின் கடைசிப் பிள்ளை தாவீதின் தலையில் கவிழ்த்ததும் எண்ணெய்தான். தைலக்கொம்பு நிறைய. ‘மேசியா’ என்றாலும் ‘கிறிஸ்து’ என்றாலும் எண்ணெய் பூசப்பட்டவர் என்றே அர்த்தம். அந்த அபிஷேகக் குலத்தின் வாரிசு இப்போது பண்டகசாலை வாசலில் அளவு எண்ணெய் வாங்குகிறான். அவன் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அளவு தச்சருடைய அளவு. தச்சர் என்ற சொல்லைக் கண்டதும் என் மனம் ஐநூறு அறுநூறு வருஷம் தாண்டி நாசரேத்துக்கு ஓடிற்று. அதை நான் தடுக்கவில்லை.

இன்னொன்று. சந்தானமில்லாதவன் என்று எழுதுங்கள் என்றான் எரேமியா. பாபிலோன் கணக்குப்பிள்ளை ஐந்து பிள்ளைகள் என்று எழுதினான். எரேமியா பொய்யன் என்று நான் சொல்லவரவில்லை. சிங்காசனத்துக்கு வாரிசு கிடையாது என்பதே அவன் பொருள், அது அப்படியே நடந்தது. ஆனால் பிள்ளைகள் இருந்தார்கள், பெயரும் காப்பாற்றப்பட்டது. நாளாகமம் ஏழு பேரைச் சொல்கிறது, அவர்களில் மூத்தவன் சலாத்தியேல். சிறையிருப்பில் இருந்த எசேக்கியேல் தீர்க்கதரிசி, யோயாக்கீன் சிறைபோன வருஷத்தை வைத்தே காலத்தைக் கணக்கிடுகிறான், ஊரில் முடிசூடியிருந்த சிதேக்கியாவை வைத்து எண்ணவில்லை. யோயாக்கீனைப் பிடித்துப்போனவனும் அவனை ராஜா என்றே எழுதினான்.

ராஜாக்களின் புத்தகம் முடிவதும் அவனிடத்தில்தான். சிறைபோன 37ஆம் வருஷம், பன்னிரண்டாம் மாதம் 27ஆம் தேதி, புதிதாகப் பட்டத்துக்கு வந்த ஏவில்மெரொதாக் அவனைச் சிறையிலிருந்து எடுத்தான். சிறைத்துணி மாறிற்று. ராஜாவின் பந்தியில் மற்ற ராஜாக்களைவிட உயர்ந்த ஆசனம், ஆயுசு முழுக்கத் தினப்படி. அப்போது அவனுக்கு வயது 55. நானூறு வருஷக் கதையை எழுதிக்கொண்டு வந்தவர், சிங்காசனமும் இல்லை ஆலயமும் இல்லை, தாவீதின் பிள்ளை ஒருவன் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று சொல்லிப் பேனாவை வைத்துவிடுகிறார். இதைச் சிறு நம்பிக்கை என்பாரும் உண்டு, வெறும் முற்றுப்புள்ளி என்பாரும் உண்டு. தினப்படி என்ற சொல்லை அவர் கடைசிவரை பிடித்துவைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு அது முற்றுப்புள்ளியாகத் தெரியவில்லை.

பேரன் சொரொபாபேல் பெர்சியரின் அதிபதியாக எருசலேமுக்குத் திரும்பினான். கி.மு. 520இல் ஆகாய் தீர்க்கதரிசி அவனைப் பார்த்து, உன்னை முத்திரை மோதிரமாக வைப்பேன் என்று கடவுள் சொல்வதாகச் சொன்னான். பாட்டன் விரலிலிருந்து கழன்ற அதே மோதிரம். சகரியாவோ ஒரு பொன் குத்துவிளக்கையும் இருபுறமும் இரண்டு ஒலிவ மரங்களையும் தரிசனத்தில் கண்டான். அந்த இரண்டு மரங்களை எபிரேயம் ‘எண்ணெயின் பிள்ளைகள்’ என்கிறது. நம் வேதாகமத்தில் ‘அபிஷேகம்பெற்றவர்கள்’ என்று வரும். பிரதான ஆசாரியன் ஒருவன், மற்றவன் சொரொபாபேல் என்பார்கள் உரைகாரர்கள். அதன் பிறகு சொரொபாபேல் ஏட்டிலிருந்து மறைந்துவிடுகிறான். ஆலயம் கட்டி முடிந்தபோது அவன் பெயர் இல்லை. முடி சூடவே இல்லை.

அப்புறம் வந்தவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பெர்சியர், கிரேக்கர். மக்கபேயர் வழிவந்த ஆசாரியர்கள் கி.மு. 104 முதல் ராஜா பட்டம் வைத்துக்கொண்டார்கள், அவர்கள் தாவீதின் குலமில்லை. ஏரோதுக்கு ரோம ஆட்சிமன்றம் பட்டம் கொடுத்தது. சாக்கடல் குகைச் சுருள்களில் ஒன்று நாத்தானின் செய்தியையே எடுத்து விளக்கி, தாவீதின் கிளை கடைசிக் காலத்தில் எழும்பும் என்கிறது. காத்திருந்தார்கள்.

அப்படிக் காத்திருந்த ஜனத்துக்குத்தான் மத்தேயு அட்டவணை எழுதினார். தாத்தா உயிரோடிருந்தால் ஒன்று சொல்லியிருப்பேன்: மத்தேயுவே மூன்று ராஜாக்களை விட்டிருக்கிறார். அகசியா, யோவாஸ், அமத்சியா. ஆலயத்தில் ஒளித்து வளர்த்த அந்தக் குழந்தையையே விட்டுவிட்டார்! 14, 14, 14 என்று மூன்று அடுக்கு அவருக்கு வேண்டும். எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு, தாவீது என்ற பெயரைக் கூட்டினால் 4, 6, 4, மொத்தம் 14. ஆனால் மூன்றாம் அடுக்கில் எண்ணிப்பார்த்தால் 13 பெயர்தான் புதியது. எகோனியாவை இரண்டாம் அடுக்கின் முடிவிலும் மூன்றாம் அடுக்கின் தொடக்கத்திலும் எண்ணினால்தான் சரியாகும் என்று பலர் சொல்கிறார்கள். தள்ளப்பட்டவன் கணக்கில் இரண்டுமுறை நிற்கிறான். லூக்கா வேறு வழியாக, தாவீதின் இன்னொரு மகன் நாத்தான் வழியாக வருகிறார். இரண்டு அட்டவணையும் தாவீதுக்குப் பிறகு நடுவில் கைகோர்ப்பது சலாத்தியேல், சொரொபாபேல் என்ற இரண்டு பெயரில். நான் தாவிய பெயர்கள்.

நான் இயேசுவில் அந்த வாக்கு நிறைவேறியது என்று நம்புகிறவள். சிலுவையின் மேல் மூன்று மொழியில் எழுதிவைத்த ‘யூதருடைய ராஜா’ என்ற பலகையை, பாபிலோன் பலகையோடு சேர்த்தே வாசிக்கிறேன். இரண்டையும் எழுதியவர்கள் பிடித்தவர்களின் ஆட்கள். யூதர்கள் அப்படி நம்பவில்லை, இன்றும் நாள்தோறும் தாவீதின் தளிருக்காக ஜெபிக்கிறார்கள். அவர்கள் காத்திருந்த விதமும் சரித்திரம்தான். பாபிலோனில் தங்கிவிட்ட யூதருக்கு ‘ரேஷ் கலூதா’, அதாவது சிறையிருப்பின் தலைவர், என்று ஒருவர் இருந்தார். யோயாக்கீன் வம்சம் என்று சொல்லிக்கொண்ட குடும்பம் அது. 12ஆம் நூற்றாண்டில் பாக்தாத் போன துதேலா ஊர் பெஞ்சமின், அந்தத் தலைவர் கலீபாவைப் பார்க்கக் குதிரையில் போகும்போது, தாவீதின் குமாரனாகிய எங்கள் தலைவருக்கு வழி விடுங்கள் என்று முன்னால் கூவிப்போவார்கள் என எழுதிவைத்திருக்கிறார். யோயாக்கீன் எண்ணெய் வாங்கிய இடத்துக்கு வெகு தூரமில்லை பாக்தாத்.

இயேசுவின் உறவினருக்கும் ஒரு கதை உண்டு. இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் எகேசிப்பு எழுதியதை யூசேபியு தன் திருச்சபை வரலாற்றில் எடுத்துவைத்திருக்கிறார். இயேசுவின் சகோதரன் யூதாவின் பேரப்பிள்ளைகள் இருவரை, தாவீதின் வம்சத்தார் என்று யாரோ காட்டிக்கொடுக்க, ரோமப் பேரரசன் டொமிஷியன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நீங்கள் தாவீதின் குலமா என்று கேட்டான். ஆம் என்றார்கள். சொத்து எவ்வளவு? ரொக்கம் கிடையாது, இருவருக்கும் பொதுவாக 39 பிளெத்ரா நிலம், மதிப்பு 9000 தெனாரி, அதை நாங்களே உழுது வரி கட்டிப் பிழைக்கிறோம் என்றார்கள். சாட்சியாகக் கைகளை விரித்துக் காட்டினார்கள். மண்வேலை செய்து காய்த்துப்போன கைகள். உங்கள் கிறிஸ்துவின் ராஜ்யம் எப்படிப்பட்டது, எப்போது வரும் என்று கேட்டான். இந்த உலகத்து ராஜ்யமில்லை, முடிவுகாலத்தில் வரும் என்றார்கள். இவர்களுக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்று அற்பமாக எண்ணி அனுப்பிவிட்டான். வெளியே வந்தவர்கள் சபைகளை நடத்திக்கொண்டு டிராஜன் காலம்வரை உயிரோடிருந்தார்கள்.